பெட்டியின் எடை

எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்பும் மூன்று இடங்களில் விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் விதி. செம்பவாங்கில் கப்பல்களுக்கு உதிரிபாகம் வாங்கித் தரும் நிறுவனம் அது. கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறேன். ஒரு வால்வு வந்தால் உடனே பெட்டியைத் திறக்க மாட்டேன். வெளியே ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பேன். பிறகு எங்களிடம் உள்ள தாளைப் படிப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் கத்தரிக்கோலை எடுப்பேன். திருப்பி அனுப்பிய பொருளுக்காக யாரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. அவசரப்பட்டு ஏற்றுக்கொண்ட பொருளுக்காக இரண்டு முறை கடிந்திருக்கிறார்கள்.

என் தம்பி பிரபாகரின் மெஷின் விஷயத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டேன் என்று விசாரணை அதிகாரியான உங்களிடம் முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று அப்போது நினைத்தேன். தமிழில் எழுதலாம், எத்தனை தாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னீர்கள். அதனால் மறுபடி எழுதுகிறேன். வரும் திங்கட்கிழமை அவன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். அதற்குள் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும்.

பிரபாகருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். மணிக்கு நாற்பது, ஐம்பது முறை. நிற்கும், திணறும், மறுபடி தொடங்கும். அவனுக்கு அது தெரியாது. எட்டு மணி நேரம் தூங்கியதாக நினைத்து எழுவான். உடம்பு தூங்கியிருக்காது. அதனால் பகலில் தூங்குவான். பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி, லிஃப்டுக்குள், சில நாள் தட்டில் கையை வைத்தபடி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மிகவும் மோசம். இதைக் கண்டுபிடிக்கும் முன் இரண்டு வேலைகள் போயின. சோம்பேறி என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஈசூன் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் அவனை எழுப்புவது என் வேலை. முதலில் பெயர் சொல்லி, பிறகு தோளைத் தொட்டு, பிறகு ஈரத் துணியால். பதினொரு மணிக்கு ஒரு முறையும் மூன்று மணிக்கு ஒரு முறையும் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவேன். குரலைக் கேட்டால் விழித்திருக்கிறானா என்று தெரிந்துவிடும். கிள்ளானிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. எனக்கு முப்பத்தொன்று, அவனுக்கு இருபத்து மூன்று. வேண்டாம் என்றேன். இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. விவரத்துக்காக எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் மருத்துவர் மெஷின் எழுதிக் கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் சிறிய பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். காற்றை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். மூச்சு நிற்காது. அவ்வளவுதான்.

அதை மாட்டித் தூங்கிய முதல் நாள் காலையில் வழக்கம்போல அவனை எழுப்பப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. வேலைக்குப் போய்விட்டிருந்தான். சமையலறையில் எனக்குக் காபி போட்டு, தட்டால் மூடி வைத்திருந்தான். ஆறிப்போயிருந்தது. கொட்டிவிட்டு வேறு போட்டுக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். வேலையாக இருக்கிறேன் அக்கா, அப்புறம் பேசுறேன் என்றான். மூன்று மணிக்குக் கூப்பிடவில்லை.

மெஷின் வாங்கிய கடை தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், முதல் மாடியில் இருக்கிறது. கீழே மசாலைக் கடை. அங்கே ஃபர்சானா என்ற பெண்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். அவர்களிடம் ஒரு படிவம் உண்டு. நோயாளியின் பெயருக்குக் கீழே, தொடர்புகொள்ள வேண்டியவர் என்று ஒரு கட்டம். நோயாளிகள் முக்கால்வாசி ஆண்கள் என்றும், அவர்கள் போனை எடுப்பதே இல்லை என்றும், அதனால் வீட்டுப் பெண்களின் எண்ணைத்தான் வாங்கிக்கொள்வோம் என்றும் அவள் சொன்னாள். என் எண்ணை எழுதினேன். பிரபாகரின் எண் அந்தக் கடையில் எங்கும் இல்லை.

அந்த நான்கு வருடங்களில் அவன் வேறு ஆளாகிவிட்டான். ஏர்கான் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் நிலையான வேலை கிடைத்தது. ஓட்டுநர் உரிமம் எடுத்தான். கம்பெனி வேனைக் கொடுத்தார்கள். ஒரு பாலர் பள்ளியில் ஏர்கான் மாட்டப் போன இடத்தில் வித்யாவைப் பார்த்தான். அவள் அங்கே ஆசிரியை. செங்காங்கில் பெற்றோருடன் இருந்தாள். முப்பத்தொன்பது வயது. வீட்டுக்கு முதல் முறை வந்தபோது பண்டான் கேக் வாங்கி வந்தாள். கேக்கை வெட்டிக்கொண்டே, உங்க தம்பி ஏணியில நின்னுக்கிட்டே எங்க பிள்ளைங்களுக்குக் கதை சொன்னார்கா, அதுக்கப்புறம் ஏர்கான் ஓடுதா இல்லையான்னு யாரும் பார்க்கல என்றாள். பிரபாகர் சிரித்தான். அவனுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் அவன் அவ்வளவு நேரம் விழித்திருந்ததில்லை.

மே மாதம் காத்தோங்கில் விநாயகர் கோயிலில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பிறகு அவன் செங்காங்குக்குப் போவதாக ஏற்பாடு. அதை அவனே ஒரு காலையில், காபியை எனக்கு எதிரே வைத்துவிட்டுச் சொன்னான். நல்லது என்றேன்.

பிப்ரவரியில் மெஷின் நின்றுபோனது. முதலில் எரிந்த ரப்பர் வாசனை, பிறகு ஒரு கீச்சொலி, பிறகு ஒன்றுமில்லை. நான்தான் கடைக்கு எடுத்துப் போனேன். ஃபர்சானா திறந்து பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது, ரிப்பேர் செய்வதைவிட மாற்றுவது நல்லது என்றாள். புதியது வரும்வரை ஒரு இரவல் மெஷின் தருகிறேன், இன்றைக்கே எடுத்துப் போங்கள் என்றாள். அதை மேசைமேல் எடுத்தும் வைத்தாள்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாரோ பயன்படுத்தியது. பக்கத்தில் ஒரு கீறல். எத்தனை பேர் மூச்சு விட்டது என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து, வடிகட்டியை மாற்றித்தான் கொடுப்போம் என்றாள். அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்றேன். இல்லை என்றாள். அப்படியானால் வேண்டாம் என்றேன். என் வேலையில் இது சரியான முடிவு. சான்றிதழ் இல்லாத பொருளை நாங்கள் எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிரபாகர் கேட்டான், இரவல் ஏதாவது இருக்கான்னு கேட்டியாக்கா என்று. கேட்டேன், இல்லையாம் என்றேன். இது பொய். முதல் பொய் இதுதான்.

அன்று இரவு சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் திரும்பி வந்தது. குறட்டை, நிசப்தம், திணறல், மறுபடி குறட்டை. நான்கு வருடங்களாக அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை. அன்று நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் அவனை எழுப்ப ஈரத் துணி தேவைப்பட்டது.

அடுத்த வாரம் கடையில் ஒரு புதிய மெஷின் வந்தது. காற்றை ஈரப்படுத்தும் தொட்டி அதில் தனியாக வாங்க வேண்டும். ஒன்றாக இருப்பதுதான் வேண்டும் என்றேன். அதற்கடுத்த வாரம் ஒன்றாக இருப்பது வந்தது. ஓட விட்டுக் கேட்டேன். சத்தம் அதிகம் என்றேன். ஃபர்சானா காதை வைத்துக் கேட்டாள். எனக்கு ஒண்ணும் கேக்கலையேக்கா, கீழே மிளகா அரைக்கிற சத்தம்தான் கேக்குது என்றாள். நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். என்ன சத்தம், என்ன அளவு, குழாயின் நீளம், எடை, உத்தரவாதம் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். இதில் உள்ளபடி இருந்தால் கூப்பிடு என்றேன். அவள் அந்தத் தாளை மரியாதையாக வாங்கிக்கொண்டாள். இந்த மாதிரி யாருமே பார்த்து வாங்குறதில்லக்கா, உங்க தம்பி குடுத்துவச்சவர் என்றாள்.

பிரபாகரிடம், சரக்கு இன்னும் வரவில்லை, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றேன். அவன் நம்பினான். கொள்முதல் என் தொழில். அதில் அவன் எதையும் கேட்டதில்லை.

அவன் கவனமாகத்தான் இருந்தான். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மெஷின் நின்ற மறுநாளே, இனி வேனை ஓட்ட மாட்டேன் என்று கூட வேலை செய்யும் ஜெய்யிடம் சொல்லிவிட்டான். ஜெய் இருப்பது எங்களுக்கு அடுத்த அடுக்குமாடி புளோக்கில். காலையில் வந்து சாவியை வாங்கி அவன் ஓட்டுவான். மாலையில் எங்கள் புளோக்குக் கீழே நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். ஏழு வாரங்களில் பிரபாகர் ஒரு நாள்கூட ஓட்டவில்லை.

இப்போது காரணத்தை எழுதுகிறேன். அவனுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வித்யா அவனைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் பார்த்தது மெஷின் போட்டுத் தூங்கிய பிரபாகரை. உண்மையான பிரபாகர் எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பொருளின் குறையை மறைத்துக் கொடுத்தால் பின்னால் தகராறு வரும். பார்த்துவிட்டு அவளே வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. கல்யாணத்துக்கு முன் சில வாரங்கள் போதும் என்று கணக்கிட்டேன். நியாயமாகத்தான் தோன்றியது.

ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சினிமாவுக்கு அழைத்துப் போனாள். இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டான். வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, அக்கா, உங்க தம்பி படம் பார்க்கல, படம்தான் இவரைப் பார்த்துச்சு என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் குறட்டைக்குப் புகார் சொன்னார்களாம். அவள் திரும்பி, டிக்கெட் வாங்கித்தான் தூங்குறார் என்றாளாம். உனக்குச் சங்கடமாக இல்லையா என்று கேட்டேன். மெஷின் வந்தா சரியாயிடும் லா அக்கா, வராட்டியும் பரவாயில்ல, நான் காதுல பஞ்சு வச்சுக்கிறேன் என்றாள்.

மார்ச்சில் அவளுடைய பெற்றோர் எங்களை விருந்துக்கு அழைத்தார்கள். மதியம். அவளுடைய அப்பா கல்யாணப் பத்திரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பிரபாகர் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டான். வாய் திறந்து, தலை பின்னால் போய், அந்தத் திணறல் வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். முடிந்தது என்று நினைத்தேன். அவளுடைய அம்மா எழுந்து போய் ஒரு தலையணை எடுத்து வந்து அவன் கழுத்துக்குக் கீழே வைத்தார். பாவம், வேலை அதிகம் போல என்றார். இருபத்தாறு வருடங்களில் குறையை இவ்வளவு அலட்சியமாகப் பார்த்த வாடிக்கையாளர்களை நான் கண்டதில்லை.

அந்த வாரமே ஃபர்சானா செய்தி அனுப்பினாள். நான் கொடுத்த தாளில் இருந்ததெல்லாம் உள்ள மெஷின் வந்துவிட்டது, மருத்துவர் சொன்ன காற்றழுத்தத்தையும் வைத்துவிட்டோம், எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று. மூன்று வாரங்களில் நான்கு செய்திகள். நீங்கள் அச்சடித்து வைத்திருப்பவை அவைதான். அந்த மெஷினைத் திருப்பி அனுப்ப ஒரு காரணமும் இல்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று நான்கு முறையும் பதில் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை வித்யா கூப்பிட்டாள். பிரபாகர் குளித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பிளவுஸ் தைக்கக் குடுக்க இன்னைக்குத் தேக்கா போனேன். அப்படியே மெஷின் கடையில எட்டிப் பார்த்தேன்."

குளியலறையில் தண்ணீர் இன்னும் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டேன்.

"ரெடியா இருக்காம். மூணு வாரமா."

சில விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

"அக்கா, நான் சின்னப் பிள்ளைங்களோட வேலை பார்க்கிறவ. பொம்மையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு, காணோம்னு சொல்ற முகம் எனக்குத் தெரியும் லா."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாளை மதியம் சாப்பிட வருகிறேன், அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நீங்கள் சொன்னால் அவர் மன்னித்துவிடுவார், நான் சொன்னால் அது கோள் சொன்னது மாதிரி ஆகிவிடும் என்றாள்.

"சொல்லாட்டி?" என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நான் சொல்லிடுவேன் அக்கா. இதை வச்சுக்கிட்டு என்னால மாலை போட முடியாது."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிப் பிரட்டலும் ரசமும் வைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன். பரிமாறும்போது பேச வேண்டியதில்லை. பிரபாகருக்கு இரண்டாம் முறை சோறு வைத்தேன். மூன்றாம் முறையும் வைத்தேன். போதும்கா என்றான். கண்கள் சிவந்திருந்தன. ஒரு கவளத்தை உருட்டிக் கையிலேயே வைத்திருந்தான். வித்யா மேசைக்கு அடியில் அவன் காலைத் தட்டினாள். விழித்து, சிரித்து, அதை வாயில் போட்டுக்கொண்டான்.

இலையை எடுக்கும் நேரம் வந்தும் நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள், மெஷின் வந்துவிட்டதாம், நேற்றுக் கடைப் பக்கம் போனபோது தெரிந்தது என்று. எத்தனை நாளாக என்பதைச் சொல்லவில்லை. பிரபாகரின் முகம் மலர்ந்தது. இப்பவே போவோம் என்றான்.

"எம்ஆர்டியில போயிட்டு வந்துடலாம்," என்றாள் வித்யா. "வழியில நீங்க ஒரு தூக்கம் போடலாம்."

ஈசூனிலிருந்து ரயிலில் போனால், மாறி ஏற வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும். திரும்பி வர முக்கால் மணி நேரம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் மாலை வரை பொறுப்பதாகச் சொன்னாள், ஆனால் நான் சொல்ல மாட்டேன் என்பதைச் சாப்பாட்டின்போதே புரிந்துகொண்டுவிட்டாள். ரயிலில் சொல்லிவிடுவாள். அவன் ஓட்டிக்கொண்டிருந்தால் சொல்ல மாட்டாள். ஓட்டுகிறவனிடம் மனம் கலங்கும் செய்தியைச் சொல்லும் பெண் அல்ல அவள். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கையில் ரசப் பாத்திரத்தோடு நின்றுகொண்டு இதையெல்லாம் யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

"வண்டியில போங்க," என்றேன். "பெட்டி கனம். ஞாயித்துக்கிழமை தேக்காவுல கூட்டம். ரயில்ல அதைத் தூக்கிட்டு எப்படி வருவீங்க?"

"நான் ஓட்டலக்கா," என்றான் பிரபாகர். "டாக்சி எடுக்கிறோம்."

"வண்டி கீழதானே நிக்குது. இருபத்தஞ்சு நிமிஷம். நேத்து நீ நல்லாத் தூங்குன. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தடவைகூட நிக்கல."

இந்த இடத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தன் தூக்கத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்த நோயில் அப்படித்தான். இரவு எப்படிப் போனது என்று பக்கத்தில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். மெஷின் இருந்தால் அதன் திரையில் எண்கள் வரும். மெஷின் இல்லாத ஏழு வாரங்களில் அவன் தினமும் காலையில் என்னிடம்தான் கேட்டான், நேற்று எப்படிக்கா என்று. நான் சொன்னதுதான் அவனுக்குத் தெரிந்த இரவு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரவு முழுவதும் சுவருக்கு அப்பால் நின்று நின்று வந்த மூச்சை நான் கேட்டிருந்தேன்.

வேண்டாம் அக்கா என்றாள் வித்யா. என்னைப் பார்த்துச் சொன்னாள். பிரபாகர் ஏற்கெனவே கை கழுவிக்கொண்டிருந்தான்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

அவள் அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எனக்குக் கொடுத்த நேரம் இன்னும் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, சாயங்காலம் வந்து பேசுவோம் அக்கா என்றாள். மணி இரண்டு பத்து.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. மத்திய விரைவுச்சாலை, பழுதாகி ஓரத்தில் நின்ற லாரி, வேனின் இடது பக்கம். வித்யா இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிரபாகருக்கு நான்கு விலா எலும்புகள் முறிந்தன.

மருத்துவமனையில் அவனுக்கு நினைவு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, வண்டியில் என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்பது. அவளைப் பற்றிப் பேச வைத்து நான் ஆறுதல் சொல்வதாக அவன் நினைத்தான். ஞாபகம் இல்லக்கா என்று அழுதான். நான் அவன் தலையைத் தடவினேன்.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். ஃபர்சானா பெட்டியை மேசைமேல் வைத்தாள். செய்தித்தாளில் படித்திருந்தாள். அந்த அக்கா வந்து கேட்டப்ப ரெடின்னு சொன்னது நான்தான், சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கு அவங்க கிளம்பியிருக்க மாட்டாங்கல்ல என்று கேட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதே என்று மட்டும் சொன்னேன். அவள் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். அவளிடமும் நீங்கள் பேச வேண்டும்.

பெட்டியை ரயிலில் மடியில் வைத்து எடுத்துப் போனேன். ஒரு கையால் தூக்கலாம். மொத்தம் ஒன்றரைக் கிலோ. பெட்டி கனமாக இருக்கும் என்று நினைத்து வேனில் போகச் சொன்னேன் என்று முதல் வாக்குமூலத்தில் இருக்கிறது. எடை எனக்கு முன்பே தெரியும். நான் கொடுத்த தாளில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் எண்ணை எழுதியதும் நான்தான்.

வேனுக்குள் இருந்த கேமராவில் பதிவான குரல்களை அடையாளம் காட்டச் சொல்லிப் போன வாரம் என்னை அழைத்தீர்கள். பதினெட்டு நிமிடங்கள். வித்யாதான் பேசிக்கொண்டே வருகிறாள். திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று கேட்கிறாள். ஜன்னலை இறக்கச் சொல்கிறாள். ஓரமாக நிறுத்துங்கள், டாக்சி பிடிப்போம் என்று இரண்டு முறை சொல்கிறாள். ஒன்றுமில்லை, அக்கா சொன்னாளே, நேற்று நல்லாத் தூங்கினேன் என்கிறான். பிறகு அவள் பள்ளிப் பிள்ளைகளோடு விளையாடும் விளையாட்டைத் தொடங்குகிறாள். சாலையில் போகும் சிவப்புக் கார்களை இரண்டு பேரும் சேர்ந்து எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு என்று போகிறது. பத்து வரை அவன் குரல் இருக்கிறது. பதினொண்ணு எங்க, பிரபா, பதினொண்ணு பார்த்தீங்களா என்கிறாள். அதோடு முடிகிறது.

நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் கண்களை மூடியிருந்ததைப் பார்த்து, பதிவை நிறுத்தட்டுமா என்று கேட்டீர்கள். அந்தப் பதினெட்டு நிமிடங்களும் நான் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. கடைசிவரை என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவனிடம் சொல்லவில்லை. அது தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கண்களை மூடியது அதனால்தான்.

பிரபாகர் இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். வித்யாவின் அம்மா தினமும் மாலையில் கூப்பிடுகிறார். தம்பி சாப்பிட்டானா என்று கேட்கிறார். சாப்பிட்டான் என்கிறேன். நீயும் சாப்பிடும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு வெகுநேரம் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டில் எடுத்து வைத்த தலையணை ஞாபகம் வருகிறது. சோற்றைப் பார்த்தால் அவனுக்கு மூன்றாம் முறை வைத்தது ஞாபகம் வருகிறது. இவற்றைத் தண்டனைக் குறைப்புக்காக எழுதவில்லை. எனக்குக் குறைக்க வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்றால் இவ்வளவுதான். மெஷினை ஏழு வாரங்கள் வேண்டுமென்றே வாங்காமல் இருந்தேன். பிரபாகர் ஓட்டினால் தூங்கிவிடுவான் என்று தெரிந்தே, அதுவும் அந்த நேரத்தில், அவனை ஓட்ட வைத்தேன். அவன் ஓட்ட மறுத்தான். பொய் சொல்லி ஓட்ட வைத்தேன். வித்யாவின் வாயை மூட அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது. வித்யா இறந்ததற்கு நான் காரணம். அவன் அல்ல. இதைச் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது நீதிபதியிடம் போகட்டும், அரசாங்க வழக்கறிஞரிடம் போகட்டும், வித்யாவின் பெற்றோரிடமும் போகட்டும். பிரபாகரிடம் மட்டும் படித்துக் காட்ட வேண்டாம். திங்கட்கிழமை அவன் ஒப்புக்கொள்வதானால் ஒப்புக்கொள்ளட்டும். தன் தவறு என்று அவன் மனதைத் தயார் செய்துகொண்டுவிட்டான். நேற்றுக் காலை மெஷினின் திரையில் எண்களைப் பார்த்தேன், இரவு முழுவதும் ஒருமுறைகூட மூச்சு நிற்கவில்லை. என்னைப் பற்றித் தெரிந்தால் அவனால் தாங்க முடியாது, அவனுக்கென்று இருப்பது நான் ஒருத்திதான்.